ரீனோ 2011: டிரிம் டேப் கழன்றதால் விபத்தா, விபத்து தொடங்கியபின் கழன்றதா?

2011 செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் நெவாடா மாநிலம், ரீனோ-ஸ்டெட் விமான நிலையம். தேசிய சாம்பியன்ஷிப் விமானப் பந்தயத்தில் அன்லிமிடெட் பிரிவின் தங்கத் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. மாலை 4.25 மணி வாக்கில் ‘தி கேலப்பிங் கோஸ்ட்’ என்ற பி-51டி மஸ்டாங், மூன்றாவது வட்டத்தில், மூன்றாவது இடத்தில் பறந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ‘ஸ்ட்ரேகா’, ‘வூடூ’ என்ற இரண்டு மஸ்டாங்குகள். கோஸ்டின் வேகம் சுமார் 445 நாட், அதாவது மணிக்கு 820 கிலோமீட்டருக்கு மேல்.

திடீரென்று விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. அடுத்த கணம் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. சுழன்றபடி ஏறி, திரும்பி, பார்வையாளர் மாடத்துக்கு முன்னால் இருந்த பாக்ஸ் இருக்கைப் பகுதியில் விழுந்து சிதறியது. விமானி ஜிம்மி லீவர்டும் தரையில் இருந்த 10 பேரும் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 64 பேருக்குக் குறையாது.

அன்று இரவுக்குள் சில படங்கள் உலகம் முழுக்கச் சுற்றிவிட்டன. விமானம் நிலைகுலைந்து பறக்கும்போது எடுத்தவை. உற்றுப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரியும். வாலில், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் என்ற பகுதியின் இடது பாதியில், பின்விளிம்பில் இருக்கவேண்டிய டிரிம் டேப் என்ற சின்ன அசையும் தகட்டின் ஒரு பகுதியைக் காணோம். பந்தயத்தின்போது உள்ளே மடங்கியிருக்க வேண்டிய வால் சக்கரம் வெளியே தொங்குகிறது. காக்பிட் கண்ணாடிக்குள் விமானியின் தலை தெரியவில்லை.

மூன்றுமே சரியான கவனிப்புகள்தான். ஆனால் அவற்றிலிருந்து போட்ட முடிவுகள் அவசர முடிவுகள். ‘டேப் பிய்ந்து போனது, அதனால் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது’ என்றது ஒரு கூட்டம். ‘74 வயதுக்காரருக்கு இந்த வேகத்தில் என்ன வேலை, மயங்கியிருப்பார்’ என்றது இன்னொரு கூட்டம். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அதாவது என்டிஎஸ்பி, ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்துக்கொண்டு 2012 ஆகஸ்ட் 27-ல் தன் முடிவைச் சொன்னது. அதில் வரிசை வேறாக இருந்தது. முதலில் விமானம் நிலைகுலைந்தது. மேல்நோக்கிய உந்தல் 17.3 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல 17.3 மடங்கு வரை போனது. அந்த உந்தலில்தான் விமானி செயலிழந்தார். டிரிம் டேப்பின் பகுதி பிய்ந்து விழுந்தது அதற்கும் சில நொடிகள் கழித்துத்தான்.

இந்த வரிசை ஏன் முக்கியம்? டேப் விழுந்ததுதான் தொடக்கம் என்றால், ‘இன்னும் கெட்டியான டேப் போடு’ என்று கோப்பை மூடிவிடலாம். விழுந்தது கடைசியில் என்றால், அது விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தபோதே என்ன கெட்டுப்போனது என்று தேட வேண்டும்.

எதை வைத்து வரிசைப்படுத்தினார்கள்

பயணிகள் விமானத்தில் இருப்பது போன்ற கருப்புப் பெட்டி இந்த மாதிரி பந்தய விமானங்களில் கிடையாது. ஆனால் கோஸ்டில் ஒரு டெலிமெட்ரி கருவி இருந்தது. எஞ்சின் அளவீடுகளையும் விமானத்தின் இருப்பிடத்தையும் பறக்கும்போதே தரையில் இருந்த குழுவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எஞ்சினைக் காப்பாற்றத்தான் அதைப் பொருத்தியிருந்தார்கள். விசாரணைக்கும் அது கைகொடுத்தது. மிச்சத்தைப் பார்வையாளர்களின் கேமராக்கள் கொடுத்தன. விமானப் பந்தயத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நீள லென்ஸோடுதான் வருவார்கள். அந்தப் படங்களையும் வீடியோக்களையும் நேரப்படி அடுக்கி, இறக்கை எந்தக் கோணத்தில் இருந்தது, மூக்கு எப்போது தூக்கியது, டேப் எந்தப் படம் வரை இருந்தது என்று கணக்கிட முடிந்தது.

வால் சக்கரம் தொங்கியதுகூட ஒரு சாட்சிதான். அதை யாரும் கீழே இறக்கவில்லை. விசை அவ்வளவு கடுமையாக இருந்ததால் தானாகவே வெளியே வந்துவிட்டது.

இது எந்த மஸ்டாங்?

பெயருக்குப் பி-51டி. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் பறந்த போர் விமானம். இந்தக் குறிப்பிட்ட விமானமோ போர் முடிந்த கையோடு பந்தயத்துக்கு வந்தது; 1946-லேயே கிளீவ்லாந்து பந்தயத்தில் இதே பெயரில் ஓடியிருக்கிறது. 2011-ல் ரீனோவில் பறந்தபோது அது பழைய உருவத்தில் இல்லை.

இறக்கையின் மொத்த நீளம் மூல மஸ்டாங்கில் 37 அடி. கோஸ்டில் அதிலிருந்து சுமார் 8 அடியை வெட்டியெடுத்திருந்தார்கள். மஸ்டாங் என்றாலே கண்ணுக்கு வரும் வயிற்றுப் பகுதி ரேடியேட்டர் கூடு இதில் இல்லை. அதற்குப் பதில், உள்ளே ஒரு தொட்டியில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை வைத்து, எஞ்சின் சூட்டில் அதைக் கொதிக்கவிட்டு, ஆவியாக வெளியே தள்ளும் ஏற்பாடு. காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் கூடு போனால் இழுவை குறையும், வேகம் கூடும். தொட்டி காலியாவதற்குள் பந்தயம் முடிந்துவிட வேண்டும், அவ்வளவுதான். காக்பிட் கண்ணாடியையும் சின்னதாக்கி உடம்போடு ஒட்டியிருந்தார்கள். சாமர்த்தியமான வேலைகள்தான், அதில் சந்தேகமில்லை.

வாலில் செய்தவை வெளியே அவ்வளவாகத் தெரியாது. எலிவேட்டரின் எதிர் எடைகளைக் கூட்டியிருந்தார்கள். மூல வடிவத்தில் இடது, வலது இரண்டு எலிவேட்டர்களிலும் உள்ள டிரிம் டேப்புகள் விமானியின் கட்டுப்பாட்டில் அசையும். கோஸ்டில் வலது டேப்பை அசையாதபடி நிலையாகப் பொருத்திவிட்டார்கள். அசைவது இடது டேப் மட்டும். இந்த மாற்றங்களில் பலவற்றுக்கு ஆவணம் இல்லை என்று என்டிஎஸ்பி கண்டது. என் பார்வையில் இந்த வழக்கின் மையம் இந்த வால்தான். இறக்கையை வெட்டியதை ஊரே பார்த்தது; வாலில் நடந்ததைக் காட்டும் காகிதம்கூட இல்லை.

டிரிம் டேப் என்ன செய்கிறது?

எலிவேட்டர் வாலில் கிடைமட்டமாக இருக்கும் பகுதி. அது கீழே சாய்ந்தால் மூக்கு இறங்கும், மேலே சாய்ந்தால் மூக்கு ஏறும். அதன் பின்விளிம்பில் இன்னும் சின்னதாக ஒரு அசையும் தகடு, அதுதான் டிரிம் டேப். டேப்பை லேசாக மேலே திருப்பினால், காற்று அதை அழுத்தி, எலிவேட்டர் முழுவதையும் கீழே தள்ளிப் பிடித்துவைத்துக்கொள்ளும். விமானி கையால் விடாமல் தள்ளிக்கொண்டிருக்க வேண்டிய விசையை இந்தச் சின்னத் தகடு சுமக்கும்.

பந்தய வேகத்தில் மஸ்டாங்குக்கு மூக்கைத் தூக்கும் குணம் உண்டு. அதை அடக்க விமானிகள் மூக்கு இறங்கும் பக்கமாக டிரிம் வைத்துக்கொண்டு பறப்பார்கள். ஆக, மணிக்கு 800 கிலோமீட்டரில் தரைக்குப் பக்கத்தில் பறக்கும்போது விமானத்தை மட்டமாக வைத்திருப்பது பெரும்பாலும் அந்த டேப்பும், அதைப் பிடித்திருக்கும் இணைப்புத் தண்டும்தான். தண்டு போனால் என்ன ஆகும்? பூட்டியிருக்கும் கதவில் முழு எடையோடு சாய்ந்து நிற்கிறோம், உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாளை எடுத்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலிவேட்டரைக் கீழே பிடித்திருந்த விசை ஒரே கணத்தில் மறைந்துவிடும். அதுவரை அடக்கிவைத்திருந்த மூக்கு எகிறும்.

மூல வடிவத்தில் இந்தச் சுமையை இரண்டு டேப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றை நிலையாக்கிவிட்டால் வேலை முழுவதும் மற்றதன் தலையில் விழும்.

நட்டுக்குள் ஒரு வளையம்

இனி விஷயத்தின் அடிக்கு வருவோம். டிரிம் டேப் எலிவேட்டரோடு கீல்கள் மூலம் இணைகிறது. கீல்களைச் சில சின்னத் திருகுகள் பிடித்திருக்கின்றன. அந்தத் திருகுகளை லாக்நட்டுகள் பூட்டுகின்றன.

லாக்நட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் சாதாரண நட்டுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம்தான் தெரியும். மேல் முனையில், மரைகளுக்கு மேலே, ஃபைபரிலோ நைலானிலோ ஆன ஒரு வளையம் உள்ளே பதிந்திருக்கும். அந்த வளையத்தில் மரை வெட்டியிருக்காது. திருகு உள்ளே நுழையும்போது தானே வழி வெட்டிக்கொண்டு போகும். அந்த இறுக்கமான பிடிதான் அதிர்வில் நட்டு தானாகக் கழலாமல் காக்கிறது. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். வயசானால் வளையமே காய்ந்து சுருங்கும். அதனால் விமானப் பராமரிப்பில் ஒரு பழைய விதி உண்டு: வளையத்துக்குள் திருகு போகும்போது குறிப்பிட்ட அளவு எதிர்ப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நட்டைத் திரும்பப் பயன்படுத்தாதே. வெறும் விரலால் கடைசி வரை சுற்ற முடிகிறதா? தூக்கிப் போடு. இன்னொரு விதியும் உண்டு. திருகின் முனை வளையத்தைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும். முனை உள்ளேயே நின்றுவிட்டால் வளையம் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்று பொருள்.

கோஸ்டின் சிதைவுகளில் கிடைத்த லாக்நட்டுகளின் உள்வளையங்கள் நலிந்துபோயிருந்தன. அவை பிடிக்க வேண்டிய திருகுகள் தளர்ந்திருந்தன. ஒரு திருகில் உலோகச் சோர்வால் வந்த விரிசல் இருந்தது. அது விபத்து நடந்த நொடியில் வந்த விரிசல் இல்லை, அந்தப் பறப்புக்கு முன்பே தொடங்கியது. சோர்வு விரிசலை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும்: ஒரே அடியில் உடைந்த பரப்பு வேறு மாதிரி இருக்கும், திரும்பத் திரும்ப வளைந்து வளைந்து முன்னேறிய விரிசலின் பரப்பு வேறு மாதிரி இருக்கும். இறுக்கமாக இருக்கும் திருகு சுமை மாறுவதைப் பெரிதாக உணர்வதில்லை. தளர்ந்த திருகோ ஒவ்வொரு அதிர்விலும் முழுசாக வளைந்து நிமிரும். தளர்வு விரிசலைக் கொண்டுவரும், விரிசல் தளர்வைக் கூட்டும்.

ஒரு நட்டின் விலையைப் போட்டு, ‘இவ்வளவு காசில் தடுத்திருக்கலாம்’ என்று எழுதுவது இந்த விபத்தைப் பற்றிய கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நட்டு புதிதாக இருந்திருந்தால் அன்று விபத்து நடந்திருக்காது என்பது சரி. ஆனால் அந்த வாலுக்கு எவ்வளவு தாங்கும் இருப்பு மிச்சமிருந்தது என்பது நட்டு புதிதாக இருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஃப்ளட்டர்

என்டிஎஸ்பி தன் முடிவில் முதன்மையாகச் சொன்னது விறைப்புக் குறைவு. டிரிம் டேப் அமைப்பின் விறைப்பு குறைந்தது, அதனால் பந்தய வேகத்தில் ஃப்ளட்டர் வந்தது, அது இடது டேப்பின் இணைப்பை முறித்தது, எலிவேட்டர் நகர்ந்தது, கடுமையான சுமை வந்தது, கட்டுப்பாடு போனது.

ஃப்ளட்டர் என்பது வெறும் நடுக்கம் இல்லை. காற்றில் இருக்கும் எந்தத் தகடும் லேசாக அசையும். அசைந்த தகட்டைப் பழைய இடத்துக்கு இழுப்பது அதன் விறைப்பு. தாண்டிப் போகவைப்பது அதன் எடை. ஒவ்வொரு அசைவிலும் காற்று ஒன்று அந்த அசைவை அமுக்கும், அல்லது இன்னும் கொஞ்சம் தள்ளிவிடும். குறைந்த வேகத்தில் காற்று அமுக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அதே காற்று ஒவ்வொரு வீச்சிலும் சக்தியைக் கொடுக்கத் தொடங்கும். அப்புறம் வீச்சு தானாக வளரும். பொருள் உடையும் வரை வளரும். அதற்கு நிமிடக்கணக்கில் நேரம் தேவையில்லை; நொடிக்குள் முடிந்துவிடலாம். எச்சரிக்கை கிடைக்கும், மெதுவாகச் சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு இதில் இடமில்லை.

அந்த எல்லை வேகம் எவ்வளவு என்பது மூன்றைப் பொறுத்தது: விறைப்பு, எடை எங்கே எவ்வளவு இருக்கிறது, காற்றின் அழுத்தம். திருகு தளர்ந்தால் விறைப்பு குறைந்து எல்லை கீழே இறங்கும். எதிர் எடையைக் கூட்டுவது பொதுவாக நல்லதுக்குத்தான் செய்வார்கள், ஆனால் அமைப்பின் அதிர்வுக் குணம் மாறும், கணக்கைத் திரும்பப் போட வேண்டும். காற்றின் அழுத்தமோ வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் 10 சதவீதம் கூடினால் அழுத்தம் 21 சதவீதம் கூடும். எல்லை இறங்கிவருகிறது, விமானம் ஏறிப்போகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும் என்று யாரும் அளக்கவில்லை.

இங்கே ஒரு எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பி-51டி கையேட்டில் தாண்டக்கூடாத வேகம் மணிக்கு 505 மைல். கோஸ்ட் பறந்தது சுமார் 512 மைல். ‘சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டார்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் 505 என்பது கருவி காட்டும் வேகம். ஸ்டெட் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது, கருவி உண்மை வேகத்தைவிடக் குறைவாகவே காட்டும். நேராக ஒப்பிட்டால் கோட்டுக்குள்தான் இருந்தார் என்றுகூட வாதிடலாம். இரண்டு வாதமும் வீண். அந்தக் கோடு 37 அடி இறக்கையும், இரண்டு அசையும் டேப்புகளும், புது நட்டுகளும் கொண்ட தொழிற்சாலை விமானத்துக்குப் போட்டது. கோஸ்டுக்கென்று ஒரு கோட்டை யாரும் சோதித்துப் போடவே இல்லை.

விமானிக்குக் கிடைத்த நேரம்

17.3 ஜி என்றால் 80 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் கணத்தில் ஏறக்குறைய 1,400 கிலோவாக இருக்கையில் அழுந்துவார். தலையிலிருந்து ரத்தம் கீழே இறங்கும், மூளைக்கு ஓட்டம் நிற்கும். பந்தய விமானிகள் பாதையைக் குறிக்கும் தூண்களான பைலான்களைச் சுற்றித் திரும்பும்போது சில ஜி-க்களைப் பழகியவர்கள்தான். திருப்பம் வருவது தெரியும், உடம்பை முன்கூட்டியே இறுக்கிக்கொள்வார்கள். இங்கே எந்த அறிவிப்பும் இல்லை. லீவர்டுக்கு உணர்வோடு செயல்படக் கிடைத்த நேரம் 1 நொடிக்கும் குறைவாக இருக்கலாம் என்பது விசாரணையின் மதிப்பீடு. அந்த ஒரு நொடியில் விமானம் 200 மீட்டருக்கு மேல் போயிருக்கும்.

ஆக, அவர் கடைசி நேரத்தில் கூட்டத்தைத் தவிர்க்க விமானத்தைத் திருப்பினார் என்று அன்று சிலர் உருக்கமாகச் சொன்னதற்கும் அடிப்படை இல்லை. வயதைக் காட்டிக் குற்றம் சொன்னவர்களுக்கும் இதே பதில்தான். 25 வயதுக்காரர் உட்கார்ந்திருந்தாலும் 17 ஜி திடீரென்று வந்தால் இதே கதைதான்.

1998-ல் வந்த முன்னறிவிப்பு

இது முதல் தடவையாக நடந்திருந்தால், ‘யாருக்குத் தெரியும்’ என்று சொல்லலாம். ஆனால் 13 வருடம் முன்பு, அதே ரீனோவில், ‘வூடூ சைல்’ என்ற பந்தய மஸ்டாங்கை பாப் ஹன்னா ஓட்டிக்கொண்டிருந்தார். மோட்டோகிராஸ் பைக் பந்தயத்தில் பெயர் பெற்றவர். பந்தய வேகத்தில் இடது டிரிம் டேப் போனது. மூக்கு எகிறி, 10 ஜி-க்கு மேல் விசை வந்து, ஹன்னா நினைவிழந்தார். நினைவு திரும்பியபோது விமானம் 9,000 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு பத்திரமாகத் தரையிறக்கினார்.

அதே ரக விமானம், அதே இடது டேப், அதே மாதிரி எகிறல், அதே மயக்கம். வித்தியாசம், விமானம் எந்தப் பக்கம் போனது என்பது மட்டும்தான். ஆனால் இந்தச் சம்பவம் பந்தயக்காரர்கள் நடுவில் ஒரு சாகசக் கதையாக நின்றுவிட்டது. யாரும் சாகாததால் அதன் கனம் குறைந்துபோனது. அடுத்த ஆண்டே, 1999-ல், கேரி லெவிட்ஸ் ஓட்டிய ‘மிஸ் ஆஷ்லி 2’ ரீனோ பந்தயத்தில் வானிலேயே பிளந்து அவர் இறந்தார். மஸ்டாங் உடம்பும் லியர்ஜெட் இறக்கையும் சேர்த்துக் கட்டிய விமானம் அது. அப்போதும் முதலில் பிரிந்தது வால் பகுதிதான்.

சோதனை இல்லாத மாற்றம்

முதன்மைக் காரணத்தோடு இரண்டு துணைக் காரணங்களையும் என்டிஎஸ்பி சேர்த்தது: ஆவணமும் சோதனையும் இல்லாத பெரிய மாற்றங்கள், போதுமான பறப்புச் சோதனை இல்லாமல் அந்த விமானத்தைப் பந்தயச் சூழலில் ஓட்டியது. அறிக்கையில் துணையாக வந்தாலும் என் கணக்கில் எடை அதிகம் இவற்றுக்குத்தான்.

அமெரிக்காவில் இத்தகைய விமானங்கள் பரிசோதனை வகைச் சான்றிதழில் பறக்கின்றன. உரிமையாளருக்குச் சுதந்திரம் அதிகம். பயணிகள் விமானத்தில் ஒரு துளை போடுவதற்குக்கூட அனுமதிக் காகிதம் வேண்டும். இங்கே அப்படி இல்லை. அந்தச் சுதந்திரம் இல்லாவிட்டால் பந்தயமே இல்லை என்பதும் உண்மை. ஆனால் பெரிய மாற்றம் செய்தால் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒதுக்கிய பகுதியில் பறந்து சோதிக்க வேண்டும் என்பது அந்தச் சுதந்திரத்தோடு வரும் கடமை.

பந்தயக் குழுக்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மஸ்டாங்கின் மூல மெர்லின் எஞ்சின், பாதரச அளவில் 60 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும் உள்ளிழுப்புக் காற்றழுத்தத்தில் ஓட வேண்டியது. பந்தயத்தில் அதே எஞ்சினை 100 அங்குலத்துக்கு மேல் ஓட்டுவார்கள். அந்த நிலையில் அதன் ஆயுள் மிகக் குறைவு. முழு வேகத்தில் மணிக்கணக்காகச் சோதித்தால் பந்தயத்துக்கு எஞ்சின் மிஞ்சாது. அதனால் பலர் முழு வேகத்தை முதன்முதலாகத் தொடுவதே பந்தய வாரத்தில்தான். சரி, புரிகிறது. ஆனால் ஃப்ளட்டரைச் சோதிக்க எஞ்சினை எரிக்கத்தான் வேண்டும் என்று இல்லை. தரையில் நிறுத்தி, வாலை அதிரவைத்து, எந்த அதிர்வெண்ணில் எது ஆடுகிறது என்று அளக்கலாம். டேப்பைக் கையால் பிடித்து ஆட்டி எவ்வளவு தளர்வு இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு பைசா எரிபொருள் தேவையில்லை. உயரத்தில் போய், கீழ்நோக்கிப் பாய்ந்து, எஞ்சினை வாட்டாமலே வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கலாம். ஏதாவது கெட்டுப்போனால் கீழே கூட்டம் இருக்காது, சுதாரிக்க உயரமும் இருக்கும்.

தரையில்

இறுதி அறிக்கைக்குக் காத்திராமல், அடுத்த பந்தயத்துக்கு முன்பே, 2012 ஏப்ரலில் என்டிஎஸ்பி பரிந்துரைகளை வெளியிட்டது. மாற்றம் செய்த விமானத்துக்குப் பொறியியல் மதிப்பீடு வேண்டும், பந்தயத்தில் பறக்கப்போகும் வேகத்தில் அது தாங்கும் என்று பறந்து காட்ட வேண்டும். பந்தயப் பாதையைப் பார்வையாளர்களுக்கு ஆபத்து குறையும்படி மாற்றி வரைய வேண்டும். கூட்டத்துக்கும் பாதைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதில் எஃப்ஏஏ-வின் வழிகாட்டி ஆவணங்களுக்குள்ளேயே முரண் இருந்தது, அதைச் சரிசெய்ய வேண்டும். கூட்டத்துக்குப் பக்கத்தில் எரிபொருள் லாரி நிற்கக்கூடாது. அன்று மோதலுக்குப் பின் தீப்பிடிக்கவில்லை. சிதறிய துண்டுகள் அந்த லாரியைத் தொட்டிருந்தால் இறந்தவர்களின் எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே வேண்டாம்.

விமானிகளுக்கு ஜி விசைப் பயிற்சி கொடுங்கள், ஜி உடை அணிவது சாத்தியமா என்று ஆராயுங்கள் என்ற பரிந்துரைகளும் இருந்தன. பொதுவாக நல்லதுதான். ஆனால் இந்த விபத்தில் ஜி உடை உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உடை காற்றடைத்துக் காலை இறுக்குவதற்கே நேரம் வேண்டும். இங்கே நொடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

2012-ல் மாற்றிய பாதையில் பந்தயம் திரும்பவும் நடந்தது. 2014 செப்டம்பரில் தகுதிச் சுற்றில் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ என்ற ஜிபி-5 விமானத்தின் வலது இறக்கையின் வெளிப்பகுதி வானில் பிரிந்து லீ பீஹல் இறந்தார். தரையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2023-ல் ரீனோவில் கடைசிப் பந்தயம் நடந்தது. 2025-ல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லுக்கு இடம் மாறியது.

பரிந்துரைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. பந்தயத்துக்கு முந்தைய தொழில்நுட்பப் பரிசோதனையிலேயே கோஸ்டின் எலிவேட்டர் டிரிம் டேப் திருகு பற்றி ஒரு குறை எழுதப்பட்டிருந்தது. பரிசோதகரின் கண் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. எழுதிய குறை உண்மையிலேயே சரிசெய்யப்பட்டதா என்று தொடர்ந்து கண்காணிக்கும் முறைதான் இல்லை. அதனால் என்டிஎஸ்பி கேட்டது: பரிசோதனையில் எழுதும் ஒவ்வொரு குறைக்கும் பதிவு வேண்டும், அது தீர்ந்ததை உறுதிசெய்யாமல் பந்தய அனுமதி தரக்கூடாது. இதற்குப் பொறியாளரும் வேண்டாம், காற்றுச் சுரங்கமும் வேண்டாம். குறையை எழுதியவர் மறுபடி அந்த வாலுக்குப் பக்கத்தில் போய், திருகின் முனை நட்டைத் தாண்டி வெளியே தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும்.